எங்க கிரவுண்டு

(அம்பத்தூரில் நடந்த நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன். எனக்கு விசில் ஊதித்தான் பழக்கம், மேடை பழக்கமில்லை. குரல் தூக்கலாகப் போனால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். வெயிலில் நின்று நின்று வந்த குரல், தணியாது.

போன வருஷம் செப்டம்பரில் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஆவடிப் பையன். அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பள்ளியில் என்னிடம் இருந்தார், பிறகு பூந்தமல்லி–ஆவடி சாலைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி, இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். போட்டோவில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மைதானம். கிண்ணம் நிறைய ஜனம், பாதிப் பேர் மஞ்சள் சட்டை. கீழே எழுதியிருந்தார்: "சார், எங்க கிரவுண்டு. ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம்."

கூட்டத்தை விடுங்கள். கூட்டம் நாம் பார்க்காததா? எனக்கு அந்த 'எங்க' என்ற சொல்தான் உறுத்தியது. அந்தப் பையன் அங்கே போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கே நாலு வருஷம் படித்த கல்லூரிக்கு அவர்தான் ஓப்பனிங் பவுலர். அந்த மைதானத்தை ஒருநாள்கூட 'எங்க கிரவுண்டு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'காலேஜ் கிரவுண்டு' என்பார். 'அங்க ஒரு கிரவுண்டு இருக்கு சார்' என்பார். ஆனால் சின்ன வயசில் விளையாடிய குவார்ட்டர்ஸ் மைதானம் இன்றைக்கும் அவருக்கு 'எங்க கிரவுண்டு'தான். அப்பா ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பட்டாபிராம் பக்கம் வீடு கட்டிப் போய்ப் பல வருஷமாகிறது. இருந்தும் அது 'எங்க'.

இந்தச் சொல் ஒரு மைதானத்துக்கு எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அமெரிக்காவுக்குப் போய்விட்டு ஆவடிக்குத் திரும்பலாம்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதில் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் கபடியையும் மல்யுத்தத்தையும் சேர்த்து, ஹெல்மெட் போட்டு, நடுவே ஒரு முட்டைப் பந்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான். ஆடுகளம் சுமார் 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். நம் கால்பந்து மைதானத்தைவிட ஒடுக்கம். ஆட்டம் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். மைதானத்துக்கு வருகிறேன்.

ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள ஃபுட்பால் ஸ்டேடியங்கள் அந்த நாட்டில் எட்டு. மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், லூசியானா ஸ்டேட், டென்னசி, டெக்சஸ், அலபாமா. எட்டும் கல்லூரி அணிகளுடையவை. கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் தொழில்முறை அணிகள் இருக்கிறதே, அவற்றின் மைதானம் ஒன்றுகூட இந்த வரிசையில் இல்லை. மிச்சிகன் மைதானத்தின் கணக்கு 1,07,601. நம்ம சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். நம் நாட்டிலேயே பெரிதான அகமதாபாத் ஸ்டேடியத்தில் 1,32,000. அது ஒன்றுதான் மிச்சிகனைத் தாண்டும். ஆனால் அதை எந்தக் கல்லூரியும் கட்டவில்லை.

அந்த 1,07,601-ல் கடைசியில் நிற்கும் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு கதை உண்டு. ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் என்று அங்கே ஒரு கோச் இருந்தார், பிறகு விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்தார். அவருக்காக ஒரு இருக்கை. 1956-ல் விரிவுபடுத்தியதிலிருந்து மைதானத்தின் கணக்கு எத்தனை ஏறி இறங்கினாலும் ஒன்றில் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு இருக்கை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. நம் பக்கத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியருக்கு ரிடையர்மென்ட் அன்று ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். இருக்கை என்றால் ஸ்டாஃப் ரூமில் இருந்த நாற்காலி, அதையும் மறுநாள் வேறு ஒருவருக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்த மைதானங்கள் எப்படி வந்தன? 1903-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கம்பி கட்டிய கான்கிரீட்டில் குதிரை லாட வடிவத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டியது. அந்தப் பொருளில் அவ்வளவு பெரிய கட்டிடம் அப்போது புதுசு. பழைய மாணவர்கள் வசூலித்துக் கொடுத்த பணமும் அதில் ஒரு பங்கு. இரண்டு வருஷம் கழித்து, 1905-ல், ஒரே சீசனில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் ஃபுட்பால் மைதானங்களில் செத்துப்போனார்கள். அவ்வளவு முரட்டு ஆட்டம். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். விதியை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆடுகளத்தை அகலமாக்கினால் ஆட்கள் மோதிக்கொள்வது குறையும் என்பது ஒரு யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் ஹார்வர்டின் கான்கிரீட் அப்போதுதான் கட்டி முடித்தது, அதை நகர்த்த முடியாது. ஆகவே அகலப்படுத்துவதை விட்டுவிட்டு, பந்தை முன்பக்கம் வீசலாம் என்று 1906-ல் விதி செய்தார்கள். இன்றைக்கு அந்த ஆட்டத்தின் உயிரே அந்த வீச்சுதான்.

எனக்கு இதில் ஒரு தனி ஈடுபாடு. ஏனென்றால் என் வாழ்க்கையில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. குறுவட்டப் போட்டிக்கு டிராக் போட வேண்டும் என்றால் என் சாமான்கள் ஒரு மூட்டை நீத்த சுண்ணாம்பு, அடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா, நாலு ஆணி, ஒரு நைலான் கயிறு. மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கயிற்றில் மூன்று மீட்டர், நாலு மீட்டர், ஐந்து மீட்டர் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுப்போம். இழுத்தால் செங்கோணம் தானாக வரும். கணக்கு வாத்தியார் போர்டில் போட்டதைப் பையன்கள் நம்பவில்லை, என் கயிற்றில் பார்த்தபிறகு நம்பினார்கள். எங்கள் பள்ளியில் டிராக் போடுகிற இடத்தின் வளைவில் ஒரு வேப்பமரம் நின்றது. முதல் லேன் அந்த மரத்தைச் சுற்றிப் போகும். அளவு பார்க்க வந்த நடுவர் என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதன் நிழலில்தான் நாற்காலி போட்டிருந்தோம்.

சரி. 1914-ல் யேல் பல்கலைக்கழகம் வேறு மாதிரி செய்தது. தரையைத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகப் போட்டு, கரையின் உட்சரிவில் இருக்கைகளை அடுக்கியது. இது நமக்குப் புதுசா? அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் பருத்திப்பட்டு ஏரியும் இதே கணக்குதான்: மண்ணை எடு, கரையைப் போடு. நாம் உள்ளே தண்ணீரை நிறுத்தினோம், அவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மிச்சிகன் மைதானமும் இப்படிப் பெரும்பகுதி தரைக்குக் கீழேதான். பையன் சொன்னார்: "ரோட்டிலேருந்து பார்த்தா இவ்வளவு பெரிசுன்னே தெரியாது சார். வாசல்ல நுழைஞ்சதும் நாம மேல் வரிசையில நிக்கிறோம். ஏரிக்கரை ஏறினா திடீர்னு தண்ணி தெரியுமே, அந்த மாதிரி."

மிச்சிகன் மைதானம் 1927-ல் திறந்தது, அப்போது 72,000 இருக்கை. ஃபீல்டிங் யோஸ்ட் என்ற கோச் இதற்காக மல்லுக்கட்டியவர். அரசாங்கப் பணம் வாங்கவில்லை. 500 டாலர் கடன்பத்திரங்களாக ஜனங்களிடம் விற்றார்கள். பத்திரம் வாங்கியவருக்கு வட்டியும் உண்டு, ஆட்டத்துக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. சீட்டுக் கம்பெனி மாதிரிதான், ஆனால் இதில் சீட்டு என்றால் நிஜமான சீட்டு. (சிரிப்பு.) பிற்காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கட்டலாம் என்று அஸ்திவாரத்தை அப்போதே பலமாகப் போட்டுவைத்தார் அந்த மனுஷர். பணம் கொடுத்தவனுக்கு அந்த மைதானத்தில் ஒரு செங்கல் தன்னுடையது என்ற எண்ணம் வரும். வந்தால் அவன் பிள்ளைக்கும் வரும்.

இன்னொன்று, செத்தவர்கள் நினைவு. முதல் உலகப் போர் முடிந்ததும் பல பல்கலைக்கழகங்கள் போரில் இறந்தவர்கள் நினைவாக ஸ்டேடியம் கட்டின. நெப்ராஸ்காவில், இல்லினாயில், டெக்சஸில் எல்லாம் 'மெமோரியல் ஸ்டேடியம்' என்றே பெயர். இல்லினாயில் மைதானத்தைச் சுற்றிய தூண்களில் இறந்த தங்கள் மாணவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நடுகல்லைச் சுற்றி ஊர் கூடுவது நம் வழக்கம். இவர்கள் நடுகல்லை வரிசையாக நிறுத்தி நடுவில் விளையாடுகிறார்கள்.

லூசியானாவில் வேறு கூத்து. ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் இருந்த இடத்தில் மாணவர் விடுதி கட்டிவிட்டார்கள். 1930-களில் விடுதி கட்டப் பணம் இருந்தது, மைதானம் பெரிதாக்கப் பணம் இல்லை. கேலரியின் அடியில் அறைகளைக் கட்டினால் மேலே தானாகப் படிக்கட்டு வந்துவிடும் என்று ஒரு புத்திசாலி கணக்குப் போட்டார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் பல தலைமுறையாக அங்கே தங்கிப் படித்தார்கள். தலைக்கு மேலே ஜனம் குதிக்க, கீழே பரீட்சைக்குப் படித்திருக்கிறார்கள் பாவம்.

நூலகத்தில் நின்று பேசுவதால் சிகாகோவைச் சொல்லாமல் விட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகம் ஒருகாலத்தில் ஃபுட்பாலில் பெரிய கை. ஸ்டாக் ஃபீல்டு என்று மைதானம். படிப்பைக் கெடுக்கிறது என்று 1939-ல் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார்கள். மைதானம் காலி. மூன்று வருஷம் கழித்து, 1942 டிசம்பர் 2-ம் தேதி, அந்த மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த ஒரு பந்தாட்ட அறையில்தான் என்ரிகோ ஃபெர்மியும் அவர் கூட்டாளிகளும் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, உலகத்திலேயே முதன்முதலாக மனிதன் கட்டுப்படுத்திய அணுச் சங்கிலி வினையை நடத்திக் காட்டினார்கள். ஊர் நடுவில்! பிறகு கேலரியை இடித்தார்கள். அந்த மைதானம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது ரீகன்ஸ்டைன் நூலகம், 1970-ல் திறந்தது. மைதானத்தை எடுத்துவிட்டு நூலகம் கட்டினால் நான் கோபப்பட மாட்டேன், நூலகர் அம்மா. வேறு எதைக் கட்டினாலும் கோபப்படுவேன்.

இத்தனை ஜனம் ஏன் வருகிறது என்று பையனிடம் கேட்டேன். "சார், வேற எங்க போறது?" என்றார். அது பாதி உண்மை. அந்தக் கல்லூரிகள் பல சின்ன ஊர்களில் இருக்கின்றன. பென் ஸ்டேட் மைதானத்தில் ஒரு லட்சத்து ஆறாயிரம் சொச்சம் பேர் உட்காரலாம். மைதானம் இருக்கும் ஊரின் ஜனத்தொகை சுமார் நாற்பதாயிரம். நெப்ராஸ்கா மாநிலத்தில் தொழில்முறை ஃபுட்பால் அணியே கிடையாது, பல்கலைக்கழக அணிதான் மாநிலத்துக்கே அணி. 1962 நவம்பரிலிருந்து அங்கே எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துபோனதாகவே கணக்கு.

வருகிறவர்கள் காலையிலேயே காரை மைதான வாசலில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, பக்கத்துக் காருக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். இதைப் பையன் பெரிய அதிசயமாக எழுதியிருந்தார். ஆடி மாதம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். செங்கல் மூன்று, பானை ஒன்று, வேன் நிறைய சொந்தக்காரர். அவர் தாத்தா அங்கே வண்டி கட்டிக்கொண்டு போனவர். அமெரிக்காவில் மைதானத்துக்குப் போவது திருவிழாவுக்குப் போவது மாதிரி. வருஷா வருஷம் அதே நாள், அதே இடம், அதே கூட்டம்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் பல்கலைக்கழக கோச். கவர்னரோ டாக்டரோ பேராசிரியரோ பக்கத்தில் வர முடியாது. டி.வி.காரர்கள் கொட்டும் பணத்தில் எல்லோரும் பங்கு எடுத்தார்கள், தலையில் அடிபட்ட பையன்களுக்கு மட்டும் பல வருஷம் உதவித்தொகை தவிர ஒன்றும் இல்லை. 2025-லிருந்துதான் கல்லூரிகள் வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன. இதில் நாம் பின்பற்ற ஒன்றுமில்லை. இன்னொரு வேடிக்கை, கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணி 1982-லிருந்து 'சொந்த மைதானம்' என்று ஆடிய ரோஸ் பௌல், பசடேனா நகரத்துக்குச் சொந்தமானது. கல்லூரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர். வாடகை வீடு! அம்பத்தூரிலிருந்து திருவள்ளூருக்குப் போய் 'எங்க கிரவுண்டு' என்பது மாதிரி. ஆக, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதில் 'எங்க' இல்லை.

இனி நம் கதை. நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். அதை 1920-ல் ஆரம்பித்தவர் ஹாரி க்ரோ பக், ஒரு அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைத் தயார் செய்து கூட்டிப் போனவரும் அவரே. தமிழ்நாட்டின் பி.டி. மாஸ்டர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அவருடைய சிஷ்யனுக்குச் சிஷ்யன். அவர் வழியாக வந்தவர்கள் கூடைப்பந்தையும் கைப்பந்தையும் நம் ஊரில் பரப்பினார்கள். இரண்டும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் கண்டுபிடித்த ஆட்டம். ஹெல்மெட் ஃபுட்பாலை அவர்கள் கொண்டுவரவில்லை. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து என்றால் எந்தப் பஞ்சாயத்துப் பள்ளியும் தாங்கும். அதனால்தான் இன்றைக்கும் நம் பக்கத்தில் எந்தத் தெருவிலும் கைப்பந்து கோர்ட் இருக்கிறது. கேலரி மட்டும் எங்கேயும் இல்லை.

சென்னையின் கல்லூரி மைதானங்கள் மோசமானவை அல்ல. லயோலா 1925-லிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது, கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக் காட்டுக்குப் போனது, பச்சையப்பன் சேத்துப்பட்டில். கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் வந்தார்கள். ஆனால் உட்கார்ந்து பார்க்க இடம்? மரத்தடி. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் மைதானம் இருக்கிறது, அது கிரிக்கெட் கிளப்பின் வழி வந்தது, பல்கலைக்கழகத்தினுடையது இல்லை. பக்கத்து மாநிலத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்குத் திருவனந்தபுரத்தில் சொந்த ஸ்டேடியமே உண்டு. 1984-லும் 1988-லும் அங்கே இந்தியா ஒருநாள் ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. அப்படி ஒன்று இங்கே இல்லை.

இங்கே நடந்தது வேறு. மைதானத்தின் பெயரைப் பாருங்கள். ஐ.ஐ.டி.–கெம்பிளாஸ்ட். சி.பி.டி.–ஐ.பி., அதாவது தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்கும் இந்தியா பிஸ்டன்ஸும். நம் பக்கத்து டி.ஐ.–முருகப்பா. நிலம் கல்வி நிறுவனத்தினுடையது, பிட்ச் போட்டுப் புல் வளர்த்துப் பராமரிப்பது கம்பெனி. நடுவில் ஒரு சின்னக் கோடு. அமெரிக்காவில் கல்லூரி மைதானத்தைக் கல்லூரியின் ஊர் தாங்குகிறது. சென்னையில் அதைக் கம்பெனிதான் தாங்கியது. லீக் கிரிக்கெட் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சின்னக் கோடு ஒரு காரணம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஆட்டம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், டீ கொண்டுவருகிறவர். அந்தக் கல்லூரி மாணவர் நூறு மீட்டர் தள்ளி கேன்டீனில் உட்கார்ந்து போனில் வேறு மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட்டம் இருந்த இடம் எது என்றால், ஃபேக்டரி கிரவுண்டு. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. பிறகு டன்லப், பாடிப் பக்கம் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1961-ல் ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலையும் அந்தச் சமயம்தான். வேலைக்கு ஆள் வேண்டும், ஆள் தங்கக் குவார்ட்டர்ஸ் வேண்டும், குவார்ட்டர்ஸ் என்றால் பள்ளி, ஆஸ்பத்திரி, மைதானம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்தார்கள். பகலில் லேத்தில் நிற்பவர் சாயங்காலம் ஸ்டாப்பர் பேக்.

அந்தக் குவார்ட்டர்ஸ் மைதானத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நான் அங்கே ரெஃப்ரியாகப் போவேன். இரண்டு ஷாப்புகளுக்கு, அதாவது ஃபேக்டரிப் பிரிவுகளுக்கு, நடுவே கால்பந்து. நாலு மணிக்கு ஆட்டம், மூன்று மணிக்கே ஓரத்தில் பாய் விரித்திருப்பார்கள். கேலரி என்று பார்த்தால் ஆறு படி, அதுவும் ஒரு பக்கம்தான். அதில் பெரிசுகள். மற்றவர்கள் சைக்கிள் கேரியரில், சுவரின் மேல், பம்ப் ரூம் மொட்டை மாடியில். ஃபோர்ஜ் ஷாப் பேக் ஒருவர் பந்தை விட்டுவிட்டால் அவர் சம்சாரமே எழுந்து நின்று, "வீட்லயும் இப்படித்தான், கண்ணு எங்க இருக்கோ" என்பார். மைதானமே சிரிக்கும். ஆட வந்தவனும் பார்க்க வந்தவனும் திங்கட்கிழமை காலை ஒரே சைரனுக்கு ஒரே கேட்டில் நுழைகிறவர்கள். தப்பு விசில் கொடுத்தால் எனக்குத்தான் ஆபத்து: மறுநாள் மளிகைக் கடையில் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெனால்டி கொடுத்ததற்காக மூன்று மாதம் ஒரு வீட்டில் எனக்குக் காபி கிடையாது.

மிச்சிகனில் லட்சம் பேர், இங்கே ஆயிரம் பேர். கணக்குதான் வேறு, சமாச்சாரம் ஒன்று. திரும்பத் திரும்ப அதே ஜனம் அதே இடத்தில் உட்கார்ந்தது. சொந்த ஜனம் ஆடியதைப் பார்த்தது. யாரும் கேட்டில் நிறுத்தி நீ யார் என்று கேட்கவில்லை.

இதே பக்கத்தில்தான் நம் வட்டாரம் கண்ட பெருங்கூட்டங்களில் ஒன்றும் கூடியது, ஆனால் ஒரே ஒரு தடவை. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ். சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட மாநாடு. அதற்காகவே ஒரு தற்காலிக நகரம் எழுப்பி, சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். பந்தல் அடுத்த வாரமே பிரிந்திருக்கும், பெயர் இன்னும் பஸ்ஸில் இருக்கிறது.

இப்போது அந்த ஃபேக்டரிகளுக்கு ஆள் எடுப்பது சுருங்கிவிட்டது. 2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். குவார்ட்டர்ஸில் பல வீடுகளுக்குப் பூட்டு. பூட்டிய வீட்டிலிருந்து மேட்ச் பார்க்க யார் வருவது? அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது யார் என்றால், என் கணக்கில், இந்தப் பக்கம் முளைத்த கல்லூரிகள். திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனை! இடம் உண்டு, பணம் உண்டு, பையன்கள் உண்டு.

ரிடையரானபின் ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், மாணவர் போட்டிக்கு நடுவராக என்னைக் கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போனேன். பிரமாதமான மைதானம், சமதளம், ஒரு கல் கிடையாது. கோடு போட்டு முடித்தேன். எட்டேகாலுக்கு முதல் பஸ் உள்ளே வந்தது. பிறகு வரிசையாக. கல்லூரி பஸ்களை நிறுத்தும் இடமே அந்த மைதானம்தான். நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் டிரைவர் தம்பி அழகாக, கோட்டுக்கு நேராக, நிறுத்தினார். "பார்க்கிங் லைனுன்னு நினைச்சேன் சார்" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. பஸ்களை மூன்று வரிசை பின்னுக்குத் தள்ளி, மிச்சம் இருந்த இடத்தில் ஏழு பேர் கால்பந்து நடத்தினோம். ஊர்க்காரர்கள் வந்தார்களா என்று கேட்காதீர்கள். கேட்டில் செக்யூரிட்டி ஐ.டி. கார்டு இல்லாமல் விடமாட்டார். எதிர்த் தெருப் பையன்கள் கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் பவுலர் படித்தது இப்படி ஒரு இடத்தில். நாலு வருஷத்தில் அவர் விக்கெட் எடுத்தபோது கை தட்டியது ஃபீல்டிங்கில் இருந்த பத்துப் பேர். பிறகு 'எங்க' எங்கிருந்து வரும்?

இது தமிழனுக்கு வராத பழக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்குப் போங்கள். யாழ் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904-லிருந்து கிரிக்கெட் ஆடுகின்றன. கல்லூரி என்று பெயர், நம் கணக்கில் பள்ளிக்கூடம். வடக்கின் பெரும் சமர் என்று பெயர். மூன்று நாள் ஆட்டம், பெரும்பாலும் மத்திய கல்லூரி மைதானத்தில், யாழ் பொது நூலகத்துக்குச் சற்றுத் தள்ளி. போர்க்காலத்தில் சில வருஷம் நடக்கவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையும் அந்த நூலகமும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆட்டம் திரும்ப வந்தது. கொடி, பாண்டு வாத்தியம், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவு போட்டு வரும் தலை நரைத்த பழைய மாணவர்கள். அவர்களுக்கு லட்சம் இருக்கை தேவைப்படவில்லை. கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலி போதும். மத்திய கல்லூரியில் படித்தவரிடம் எழுபது வயசில் கேட்டாலும் 'எங்கட கிரவுண்ட்' என்றுதான் சொல்வார்.

என்ன செய்யலாம் என்று நூலகர் அம்மா கடைசியில் சொல்லச் சொன்னார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். ஆறு படி. மைதானத்தின் ஒரு ஓரமாக, மேற்கு வெயில் முதுகில் விழுகிற பக்கம், செங்கல்லில் ஆறு படி கட்டட்டும். சனி, ஞாயிறு பஸ் வேறு எங்காவது நிற்கட்டும். கேட்டைத் திறந்து வைக்கட்டும். நம்ம தெருவில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ அதன் மேட்ச் என்றைக்கு என்று ஒரு தட்டியில் எழுதி வாசலில் வைக்கட்டும். செலவு ஒரு ஆண்டு விழாவுக்கு வாங்கும் பூமாலைக்குள் அடங்கும்.

பையன் டிசம்பர் லீவில் வந்திருந்தார். மஞ்சள் எம் எழுத்துப் போட்ட தொப்பி. இருவரும் ஒருநாள் காலை பழைய குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தோம். புல் முழங்கால் உயரம். கல் ரோலர் அதே மூலையில், பாதி மண்ணுக்குள். அவர் போய் அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "சார், இதை இழுக்க அப்ப ஆறு பேர் வேணும்" என்றார். பிறகு ரன்அப் எங்கே ஆரம்பிக்கும் என்று தேடி, எண்ணி எண்ணிப் பதினாலு அடி நடந்து, புல்லுக்குள் நின்றார்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு, இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிற அரசுப் பள்ளியில் பாரதியார் தினக் கைப்பந்துப் போட்டி இருக்கிறது. பெண்கள் அணி நன்றாக ஆடுகிறது, அந்த ஆறாம் நம்பர் பெண்ணின் சர்வீஸைப் பாருங்கள். கேட்டில் யாரும் கார்டு கேட்க மாட்டார்கள், நான் பேசிவிட்டேன். உட்கார மட்டும் ஒரு பழைய பேப்பரோ பாலிதீன் பையோ எடுத்து வந்துவிடுங்கள். ராத்திரி மழை பெய்தால் தரை ஈரமாக இருக்கும்.